பக்கவாதத்தில் கூட்டுச் சிகிச்சை: அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஏற்ற முறை எது?

பக்கவாதம் விதியின் செயல் என்றும், அது வந்தபின் எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் மக்கள் நெடுங்காலமாக நம்பி வந்துள்ளனர். முப்பது ஆண்டுகளுக்கு முன்வரை வைத்திய நூல்களும் இதனினும் மிகுதியான நம்பிக்கை எதையும் அளிக்கவில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. மூளைக்குச் செல்லும் நாளத்தை அடைத்து நிற்கும் இரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. கரையாததைக் குழாய் செலுத்தி வெளியே இழுக்கக் கருவி உண்டு. இவ்விரண்டையும் இணைத்துப் பிரயோகிக்கும் கூட்டுச் சிகிச்சையும் பல தேசங்களில் வழக்கத்திற்கு வந்துவிட்டது. ஆயினும் இவை யாவும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டவை. நோயாளி உரிய நேரத்திற்குள் உரிய இடத்தை அடைய வேண்டும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்நிபந்தனையை நிறைவேற்றுவது எளிதன்று. தீவுகள், திட்டுகள், பாறைகள் என 836 நிலத்துண்டுகள் கொண்ட இக்கூட்டத்தில் மக்கள் குடியிருப்பவை முப்பதுக்குச் சற்று மேற்பட்டவையே. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் 3,80,581 பேர். 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் எனப்பட்ட தலைநகரான ஸ்ரீ விஜய புரம், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அத்தலைநகருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில் கார் நிக்கோபார் இருக்கிறது. கிரேட் நிக்கோபாரிலுள்ள காம்பெல் பேயோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கப்பல் இத்தூரத்தைக் கடக்க ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். வானிலை இடங்கொடாவிடில் ஹெலிகாப்டரும் எழும்பாது.

கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்தபின் குழாய் செலுத்துவதா, அன்றி மருந்தை விலக்கி நேரே குழாய் செலுத்துவதா என்பது பெருநகர ஆஸ்பத்திரிகளில் வைத்திய நிபுணர்களிடையே சென்ற சில ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம். அவ்விவாதத்தின் முடிவு இத்தீவுகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்க விஷயமாகும்.

இருவகைப் பக்கவாதம்

மூளையில் நேரும் பக்கவாதம் இருவகைப்படும். ஒன்று, நாளம் அடைபட்டு இரத்தம் செல்லாமையால் நேர்வது. மற்றொன்று, நாளம் வெடித்து இரத்தம் கசிவதால் நேர்வது. இரண்டிலும் முகம் கோணும், கை கால் தளரும், பேச்சுக் குழறும். வெளித்தோற்றத்தைக் கொண்டு இன்ன வகை என்று எத்தகைய தேர்ந்த வைத்தியராலும் உறுதி கூற இயலாது. முதல்வகைக்கு அமிர்தமாகும் மருந்து இரண்டாம் வகைக்கு நஞ்சாகும். ஆகவே சி.டி. ஸ்கேன் என்னும் படம் எடுத்துக் கசிவு இல்லை என்று கண்ட பிறகே மருந்தைத் தொட வேண்டும் என்பது இச்சிகிச்சையின் முதல் விதி.

நாளம் அடைபட்டவுடன் மூளையின் அப்பகுதி முழுவதும் உடனே இறந்துவிடுவதில்லை. நடுவில் ஒரு சிறு பகுதி விரைவில் மடிகிறது. அதனைச் சூழ்ந்த பகுதி, அண்டை நாளங்களிலிருந்து கிடைக்கும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு, செயலற்ற நிலையிலேனும் சில மணி நேரம் உயிர் தாங்கி நிற்கிறது. காப்பாற்றத்தக்கது இச்சூழ்பகுதியே. பெரிய நாளம் ஒன்று அடைபட்டால் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என 2006ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அடைபட்டால், பயிர் வாடும் வேளையில் மடையைத் திறப்பவன் விளைச்சலைக் காக்கிறான். கருகிய பின் திறப்பவனுக்குத் தண்ணீர் மட்டுமே மிஞ்சும்.

மருந்தின் வரலாறு

இரத்தம் உறையும்போது பைப்ரின் என்னும் நார்ப்பொருள் வலைபோல் பின்னிக் கட்டியாகிறது. அவ்வலையை அறுக்கும் பிளாஸ்மின் என்ற பொருளும் உடலிலேயே உண்டு. ஆனால் அது பிளாஸ்மினோஜன் என்ற உறங்கும் வடிவில் இரத்தத்தில் சஞ்சரிக்கிறது. அதனை எழுப்புவதே கட்டி கரைக்கும் மருந்துகளின் வேலை. 1933இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் வில்லியம் டில்லட் என்பவர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை வளர்த்த திரவம் பைப்ரின் கட்டியைக் கரைப்பதைக் கண்டார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து இவ்வாறு பிறந்தது. இந்நாட்டிலும் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிலையத்தில் கிரீஷ் சாஹ்னியும் அவருடைய குழுவினரும் இம்மருந்தை உள்நாட்டிலேயே தயாரிக்கும் வழிவகைகளைக் கண்டனர்.

1980களில் மாரடைப்பில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பல உயிர்களைக் காத்தது. அந்த வெற்றியால் ஊக்கம் பெற்றுப் பக்கவாதத்திலும் அது பரிசோதிக்கப்பட்டது. விளைவு விபரீதமாயிற்று. 1990களில் நடந்த பரிசோதனைகள் மூளையில் இரத்தக் கசிவு மிகுந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டன. அவற்றுள் 622 நோயாளிகள் பங்குகொண்ட இத்தாலியப் பரிசோதனை ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. ஸ்ட்ரெப்டோகைனேஸுடன் ஆஸ்பிரினையும் சேர்த்துப் பெற்றவர்களிடையே முதல் பத்து நாட்களில் மரணம் மிகுந்திருந்தது. தனித்தனியே பயன்தரும் இரு மருந்துகள் ஒன்றுசேர்ந்தால் பயன் இரட்டிக்கும் என்று கொள்வதற்கில்லை என்பதை இது உணர்த்தியது.

1995இல் ஆல்ட்டிப்ளேஸ் என்ற வேறொரு மருந்து இத்துறையின் போக்கை மாற்றியது. அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், நோய் தோன்றி மூன்று மணி நேரத்திற்குள் இம்மருந்து இரத்தக்குழாய் வழியே செலுத்தப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியில், மூன்று மாதங்களுக்குப் பின் ஊனமின்றியோ மிகச் சிறிய ஊனத்துடனோ தேறியோர் மருந்து பெற்றவர்களில் 100க்கு 39 பேர், பெறாதவர்களில் 26 பேர். இதற்கு விலையும் உண்டு. மருந்து பெற்றவர்களில் 100க்கு 6 பேருக்கு மூளையில் தீங்கான கசிவு நேர்ந்தது. பெறாதவர்களில் அது 100க்கு ஒருவருக்கும் குறைவு. ஆயினும் மொத்த மரணம் மருந்தினால் மிகவில்லை. 2008இல் ஐரோப்பியப் பரிசோதனை ஒன்று இக்கால வரம்பை நாலரை மணியாக நீட்டியது.

சேர்க்கைகள் தந்த பாடம்

மருந்து தனித்து நின்று செய்யக்கூடியது ஓரளவுதான். கட்டி 8 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் இரத்தக்குழாய் வழியே தரும் மருந்து அதனைக் கரைப்பது அரிது என 2011இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே மருந்துடன் வேறு எதனைச் சேர்த்தால் பலன் பெருகும் என்ற தேடல் முப்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது.

மருந்துடன் மருந்து சேர்த்த முயற்சிகள் பெரும்பாலும் தோல்வியுற்றன. நெதர்லாந்தில் 642 நோயாளிகளுக்கு ஆல்ட்டிப்ளேஸுடன் உடனடியாக ஆஸ்பிரின் ஊசியும் சேர்த்துப் பரிசோதித்தனர். 2012இல் வெளிவந்த முடிவின்படி பலன் கூடவில்லை. தீங்கான கசிவு மட்டும் 100க்கு 1.6 என்பதிலிருந்து 4.3 ஆக உயர்ந்தது. 2024இல் அமெரிக்காவில் 514 நோயாளிகளிடம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆர்காட்ரோபன், எப்டிபிபடைட் என்னும் இரு மருந்துகளைத் தனித்தனியே சேர்த்துப் பார்த்தனர். அதிலும் நன்மை காணப்படவில்லை. மருந்துடன் ஒலியலைகளைச் சேர்த்த முயற்சி 2004இல் 126 பேரிடம் நம்பிக்கை அளித்தது. பெரிய அளவில் செய்து 2019இல் வெளியிடப்பட்ட பரிசோதனை அந்நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை.

மருந்துடன் குழாயைச் சேர்த்த முயற்சியே இறுதியில் வென்றது. அதுவும் உடனே வெல்லவில்லை. தொடையிலுள்ள தமனி வழியே நுண்குழாய் ஒன்றை மூளைவரை செலுத்திக் கட்டியின் அருகிலேயே மருந்தைச் சொரியும் முறை 1999இல் 180 நோயாளிகளிடம் ஓரளவு பலனளித்தது. ஆனால் இரத்தக்குழாய் வழி மருந்தையும் தமனிவழிச் சிகிச்சையையும் சேர்த்து 656 பேரிடம் செய்த பரிசோதனை, சேர்க்கையால் மிகுதியான பலன் இல்லை என்ற முடிவுடன் 2013இல் வெளிவந்தது. அக்காலத்துக் கருவிகள் செப்பமற்றவை. பெரிய நாளம் அடைபட்டுள்ளதா என்று முன்கூட்டிப் படமெடுத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் அன்று உறுதிப்படவில்லை. ஸ்டென்ட் என்னும் உலோக வலையால் கட்டியைப் பற்றி இழுக்கும் புதிய கருவிகள் வந்தபின் நிலை மாறிற்று. 2015இல் வெளிவந்த நெதர்லாந்துப் பரிசோதனையில் 500 நோயாளிகள் இருந்தனர். பிறர் உதவியின்றி வாழும் நிலையை அடைந்தோர், குழாய்ச் சிகிச்சையும் பெற்றவர்களில் 100க்கு 32.6 பேர், பெறாதவர்களில் 19.1 பேர். இரு சாராரிலும் மிகப் பெரும்பாலோர் முதலில் மருந்து பெற்றிருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டு ஐந்து பரிசோதனைகளின் 1,287 நோயாளிகளை ஒருங்கே வைத்துக் கணக்கிட்டபோது, குழாய்ச் சிகிச்சை பெற்ற ஐவரில் ஏறக்குறைய இருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைந்தது தெரியவந்தது.

மருந்தை விலக்கலாமா?

இவ்வாறு குழாய் வெற்றி கண்டபின், அதற்கு முன் மருந்து எதற்கு என்ற கேள்வி எழுந்தது. மருந்து கசிவை உண்டாக்கலாம், கட்டியைச் சிதறடிக்கலாம், செலவும் உண்டு என்பன விலக்குவோர் வாதங்கள். 2020 முதல் 2022 வரை சீனா, ஜப்பான், ஐரோப்பா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களிலிருந்து ஆறு பரிசோதனைகள் வெளிவந்தன. அவற்றின் 2,313 நோயாளிகளை 2023இல் ஒருங்கே ஆராய்ந்தபோது, மருந்தை விலக்குவது சேர்ப்பதற்குக் குறைந்ததன்று என நிறுவ முடியவில்லை. நோய் தோன்றி 2 மணி 20 நிமிஷத்திற்குள் மருந்து செலுத்தப்பட்டால் சேர்க்கையின் நன்மை தெளிவாகக் காணப்படுகிறது என்றும், அதன்பின் அந்நன்மை உறுதியற்றதாகிறது என்றும் 2024இல் அதே விவரங்களிலிருந்து மேலும் பெறப்பட்டது. 2025இல் சீனாவில் 550 நோயாளிகளிடம் டெனெக்டிப்ளேஸ் என்ற மருந்தைக் குழாய்க்கு முன் கொடுத்துப் பார்த்தனர். தன்னுரிமையுடன் வாழும் நிலை பெற்றோர் மருந்து பெற்றவர்களில் 52.9 சதவிகிதம், பெறாதவர்களில் 44.1 சதவிகிதம்.

குழாயால் கட்டியை இழுத்தபின் தமனிக்குள் சிறிது மருந்தையும் சொரிந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்கட்டிகளைக் கரைக்கும் முயற்சி வேறொன்று. 2022இல் ஸ்பெயினில் 121 பேரிடம் அது நற்பலன் தந்தது. 2025இல் சீனாவிலிருந்து வெளிவந்த பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று இசையவில்லை. இம்முறை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது எனக் கொள்வது தகும்.

மேலே கூறிய ஆறு பரிசோதனைகளும் ஒரு பொதுத் தன்மை உடையவை. அவற்றில் சேர்க்கப்பட்ட நோயாளிகள், குழாய்ச் சிகிச்சை செய்யவல்ல ஆஸ்பத்திரிக்கே நேராக வந்து சேர்ந்தவர்கள். மருந்து ஓர் அறையிலும் குழாய் அடுத்த அறையிலும் உள்ள இடத்தில் எழுந்த கேள்வி அது. மருந்துக்கும் குழாய்க்கும் இடையே கடல் கிடக்கும் இடத்திற்கு அக்கேள்வி எழவே இல்லை. ஆகவே பெருநகர விவாதத்தைக் காட்டி, தீவுகளில் மருந்து வேண்டுவதில்லை, நோயாளியைப் பெருநிலத்திற்கு அனுப்பினால் போதும் என்று முடிவு செய்வது பெரும் பிழையாகும்.

தீவுகளுக்கு ஏற்ற வரிசை

இத்தீவுகளுக்கு உகந்த கூட்டுச் சிகிச்சை இரு கரைகளிலும் பகிர்ந்து நடைபெற வேண்டியது. முதற்பகுதியான மருந்து, நாலரை மணி நேரத்திற்குள், தீவிலேயே கொடுக்கப்பட வேண்டும். இரண்டாம் பகுதியான குழாய், தேவைப்படுவோருக்கு மட்டும், கடல் கடந்து நடைபெறலாம். 2018இல் வெளிவந்த இரு பரிசோதனைகள் இதற்கு இடமளிக்கின்றன. அவற்றுள் ஒன்றில், நோய் தோன்றி 6 மணி முதல் 24 மணி வரை கடந்த 206 பேர், காப்பாற்றத்தக்க மூளைப்பகுதி இன்னும் மிஞ்சியுள்ளது என்று படத்தால் உறுதிப்பட்ட பிறகு சேர்க்கப்பட்டனர். குழாய்ச் சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவிகிதத்தினர் தன்னுரிமை வாழ்வை அடைந்தனர். பெறாதவர்களில் அந்நிலை அடைந்தோர் 13 சதவிகிதமே. தலைநகரிலிருந்து சென்னைக்கு விமானப் பிரயாணம் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்டது. ஏற்பாடுகள் முன்கூட்டியே செய்யப்பட்டிருப்பின், தேர்ந்தெடுத்த சிலரை 24 மணி நேரத்திற்குள் அங்கே சேர்ப்பது இயலாத காரியமன்று.

எந்த மருந்து என்ற கேள்விக்கும் தீவுகளின் இயல்பே விடையளிக்கிறது. ஆல்ட்டிப்ளேஸை ஒரு பகுதி உடனேயும் மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகவும் செலுத்த வேண்டும். அதற்குக் கருவியும் காவலும் தேவை. டெனெக்டிப்ளேஸை உடல் எடைக்கேற்ப அளந்து ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம். 2018இல் ஆஸ்திரேலியாவில் 202 பேரிடம் நடந்த பரிசோதனையில், குழாய் செலுத்தும் முன்பே இரத்தவோட்டம் மீண்டவர்கள் டெனெக்டிப்ளேஸில் 22 சதவிகிதம், ஆல்ட்டிப்ளேஸில் 10 சதவிகிதம். 2022இல் கனடாவில் ஏறத்தாழ 1,600 பேரிடம் நடந்த பரிசோதனை, இது பழைய மருந்துக்குக் குறைந்ததன்று என நிறுவியது. அமெரிக்காவில் 2025 மார்ச்சில்தான் பக்கவாதத்திற்கு இதனை அனுமதித்தனர். இந்தியாவில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்நாட்டுத் தயாரிப்பு இதற்கென அனுமதி பெற்றுப் பயன்பட்டு வருகிறது. ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கும் இடத்தில் ஒரே ஊசியில் முடியும் மருந்தின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே தலைநகரின் கோ. ப. பந்த் ஆஸ்பத்திரியில் மட்டுமன்றி, மாயாபந்தரிலுள்ள டாக்டர் ராஜேந்திர பிரசாத் ஆஸ்பத்திரி, கார் நிக்கோபாரிலுள்ள பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆஸ்பத்திரி ஆகிய மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் இரவு பகல் எந்நேரமும் சி.டி. ஸ்கேன் இயங்கும் நிலையில் இருத்தலும், மருந்து அலமாரியில் இருத்தலும் முதற்கண் செய்யத்தக்கவை. படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் நரம்பு வைத்திய நிபுணர் அதே கட்டிடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 2020 ஆகஸ்டு 10ஆம் தேதி திறக்கப்பட்ட கடலடித் தந்திவடம், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்தில் சென்னையைத் தலைநகருடனும், கார் நிக்கோபார், லிட்டில் அந்தமான், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கட், ஸ்வராஜ் தீவு ஆகியவற்றுடனும் இணைத்துள்ளது. ஒரு படத்தைச் சென்னையிலுள்ள நிபுணர் சில நிமிஷங்களில் காண இதுவே போதும்.

இம்முறை ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. மலைப்பிரதேசமான ஹிமாசலப் பிரதேசத்தில் 2014 முதல், நரம்பு நிபுணர் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரி வைத்தியர்கள் சி.டி. படங்களைக் கைத்தொலைபேசி மூலம் சிம்லாவிலும் தாண்டாவிலும் உள்ள நிபுணர்களுக்கு அனுப்பி, அவர்கள் ஆலோசனையின்படி கட்டி கரைக்கும் மருந்தைச் செலுத்தினர். மருந்து அரசாங்கச் செலவில் இலவசமாக அளிக்கப்பட்டது. அஸ்ஸாமில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஸ்கேன் பொருத்திய வண்டியையே நோயாளியின் இருப்பிடத்தருகே அனுப்பிப் பரிசோதித்தது. ஏறத்தாழ 24 மணியாக இருந்த சிகிச்சைத் தாமதம் இதனால் 2 மணியளவுக்குக் குறைந்தது என்று அக்கழகம் தெரிவித்தது. இவ்வண்டிகள் 2025 ஆகஸ்டில் அஸ்ஸாம் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களைப் புறக்கணிக்கலாகாது. முதலாவது, மருந்தால் மூளையில் கசிவு நேர்ந்தால் அறுவை வைத்தியர் அருகில் இல்லாத தீவில் என் செய்வது என்ற அச்சம். இவ்வச்சம் நியாயமானதே. ஆனால் கசிவு நேர்ந்தவருக்கு அறுவைச் சிகிச்சையால் மட்டுமே விமோசனம் என்பதில்லை. கசிவைக் குறைக்கும் வழி பெரும்பாலும் மருந்துக்கு முன்பே உள்ளது. தகுதியற்றவரைத் தவிர்த்தல், கால வரம்பை மீறாமை, இரத்த அழுத்தத்தை மருந்துக்கு முன் 185க்கு 110 என்பதற்குக் கீழும், பின் ஒரு நாள் முழுவதும் 180க்கு 105 என்பதற்குக் கீழும் வைத்தல் ஆகியவை ஒழுங்காக நடைபெற வேண்டும். இவை செவிலியரின் விழிப்பால் நடப்பவை.

இரண்டாவது, சிறு தீவில் ஆண்டுக்குச் சில நோயாளிகளே வருவர், எப்போதோ செய்யும் காரியத்தில் கைத்திறன் மங்கிவிடும் என்பது. இது முதலாவதைவிட வலிமையான வாதம். இதற்கு விடை, மாதந்தோறும் ஒத்திகை நடத்துதலும், ஒவ்வொரு நோயாளியையும் நிபுணரின் நேர்ப்பார்வையில் தொலைத்தொடர்பு வழியே நடத்துதலும் ஆகும். தீயணைப்புப் படையினர் தீ பற்றாத நாட்களிலும் பயிற்சி செய்வது போன்றதே இது.

மூன்றாவது, இப்பணத்தை இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தச் செலவிட்டால் மிகுதியான பேர் பிழைப்பர் என்பது. இதில் உண்மை உண்டு. கார் நிக்கோபாரில் நிக்கோபாரி மக்களிடையே நடத்திய ஆய்வு ஒன்றில், வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது என 2011இல் வெளியிடப்பட்டது. இவர்களுக்கு நாள்தோறும் மாத்திரை கிடைக்கச் செய்வது எந்தக் குழாயினும் பெரிய காரியம். ஆயினும் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது முறையன்று. இரு வேலைகளையும் செய்யும் கை ஒன்றே. மாத்திரை கொடுக்க வீடு செல்லும் பணியாளரே பக்கவாதத்தின் அறிகுறிகளை முதலில் காண்பவரும் ஆவார்.

களப்பணியாளர், ஆசிரியர் கடமை

நோயாளி நாலரை மணிக்குள் வருவதும் வராததும் வைத்தியரின் கையில் இல்லை. அது வீட்டாரின் கையிலும், அவர்கள் முதலில் ஆலோசனை கேட்கும் ஆஷா பணியாளர், துணைச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் கையிலும் உள்ளது. அவர்கள் மனத்தில் பதிக்க வேண்டியவை சிலவே.

முகம் ஒருபுறம் கோணுதல், நீட்டிய கைகளுள் ஒன்று தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது அவசர நோயே. சிறிது நேரத்தில் தானே சரியானாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்வதை ஒத்திப்போடக் கூடாது.

நோய் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் காட்டிலும், நோயாளி கடைசியாக எப்போது நலமாகக் காணப்பட்டார் என்பதே முக்கியம். காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுக்கும்முன் அவர் நலமாயிருந்த நேரம்தான் கணக்கு. அந்த நேரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி நோயாளியுடன் அனுப்புவது, எந்த மருந்துக்கும் குறையாத உதவி. அவர் வழக்கமாக உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மருந்து உண்டா என்ற விவரத்தையும் சேர்த்தனுப்ப வேண்டும்.

மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பது போலப் பக்கவாதத்திற்கும் வீட்டிலேயே கொடுக்கும் வழக்கம் பரவி வருகிறது. ஸ்கேன் எடுக்கும்முன் இது கூடாது. கசிவு வகையாயின் அது தீங்கு செய்யும். அடைப்பு வகையாயினும், கட்டி கரைக்கும் மருந்துடன் ஆஸ்பிரின் உடனே சேர்ந்தால் நேரும் ஆபத்தை இருவேறு பரிசோதனைகள் காட்டியுள்ளன. தண்ணீரோ காப்பியோ புகட்டுவதும் கூடாது. விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்கு அது மூச்சுக்குழலில் புகும். சர்க்கரை அளக்கும் கருவி கையில் உள்ள பணியாளர் உடனே அளந்து பார்க்கலாம். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றக்கூடும்.

இத்தீவுகளில் வங்காளி, தமிழ், தெலுங்கு, ஹிந்தி, நிக்கோபாரி எனப் பல மொழியினர் அண்டை அண்டையாக வாழ்கின்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிக் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழரும் இவருள் அடங்குவர். ஆகவே ஒரே மொழியில் அச்சிட்ட சுவரொட்டி போதாது. பள்ளிப் பிள்ளைகள் இப்பணியில் பேருதவி செய்யக்கூடும். முகம், கை, பேச்சு, நேரம் என்ற நான்கு சொற்களை வகுப்பில் கற்ற பிள்ளை, தன் வீட்டு மொழியில் அவற்றைத் தாத்தா பாட்டிக்குச் சொல்லும். பெற்றோர் தோட்டத்திற்கோ மீன்பிடிக்கவோ சென்றிருக்கும் வேளையில் முதியோருடன் வீட்டிலிருப்பதும் பெரும்பாலும் அப்பிள்ளையே. கடிகாரம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, ‘இதற்கு முன் தாத்தா நன்றாகப் பேசியது எப்போது’ என்ற கேள்விக்கு விடை கூறத் தெரியும்.

முடிவு

புதிய கருவிகள் தலைநகரங்களில் தோன்றி, மெல்ல மெல்ல விளிம்புகளை அடைவது உலக வழக்கு. குழாய்ச் சிகிச்சைக் கூடம் தீவுகளில் அமையும் காலம் வரலாம். அதுவரை காத்திருக்கலாம் என்ற எண்ணமே பேராபத்தானது. அதற்குத் தேவையான நிபுணரும் கருவியும் அரிதில் கிடைப்பவை. மருந்துக்குத் தேவையான ஸ்கேனும் தந்திவடமும் பயிற்சி பெற்ற வைத்தியரும் எட்டும் தூரத்தில் உள்ளன. 2022இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டுப் பரிசோதனை ஒன்றில், நகரங்களுக்கு அப்பால் வாழ்ந்த 1,401 பேருள் ஒரு சாரார் அருகிலுள்ள சிறிய ஆஸ்பத்திரிக்கும், மற்றொரு சாரார் நேரே தொலைவிலுள்ள குழாய்ச் சிகிச்சை மையத்திற்கும் அனுப்பப்பட்டனர். மூன்று மாதங்களுக்குப் பின் இரு சாராரின் நிலையிலும் வேறுபாடு காணப்படவில்லை. அங்கே இடையில் இருந்தது சாலை. அதனினும் கடினமான கடல் இடையில் உள்ள இடத்தில், அருகிலுள்ள ஆஸ்பத்திரியைத் தகுதியுள்ளதாக ஆக்குவதன் அவசியம் இன்னும் மிகுதியாகும்.

கடலின் அகலத்தைக் குறைக்க ஒருவராலும் இயலாது. கிராமத்துத் திண்ணையில் வீணாகும் முதல் இரண்டு மணி நேரத்தையும், ஆஸ்பத்திரி வாயிலில் வீணாகும் அடுத்த ஒரு மணி நேரத்தையும் குறைக்க இயலும். இவற்றுள் முன்னது களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்றவேண்டிய பங்கு. பின்னது நிர்வாகத்தின் பங்கு. இரண்டும் ஒருங்கே நடைபெற்றால் மட்டுமே மருந்தும் குழாயும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சை தீவு மக்களுக்கும் உரியதாகும்.